மூன்று தட்டு

அறுபத்தெட்டாம் வருஷம் வந்த விஷக் காய்ச்சலில் தசரதனுக்கு நுரையீரலில் சளி கட்டிப்போனது. நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடிப்பவர் அவர். படுத்த இடத்திலேயே காலிலும் ரத்தம் உறைந்து, கால் தூண்போல வீங்கியது. அந்த ரத்தக் கட்டி நெஞ்சை அடைத்தால் உயிர் போய்விடும். ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டிருந்தார்கள். ஊசி கேட்கிறதா என்று ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பது ஆஸ்பத்திரி லேபில் என் வேலை. சுரங்கத் தொழிலாளிகள் குடியிருக்கும் எங்கள் லைன்வீடுகளில் முதல் பட்டதாரி நான். டாக்டருக்கு மட்டும் இன்னும் "ஏ பொண்ணு"தான்.

கட்டிலருகே நின்று, அவர் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டுச் சாய்த்துப் பார்த்தேன். சீக்கிரமே உறைந்துவிட்டது; ஊசி கேட்கவில்லை.

"இன்னாம்மா ஆச்சி?" என்றாள் அவர் மனைவி பாப்பம்மா.

"நின்னுடுச்சி," என்றேன் எரிச்சலோடு.

தசரதன் கண் திறந்தார். "ஆளுங்க உள்ள இருக்கசொல்ல எவன்டா நிறுத்தனது, பேமானி?"

கட்டில் கம்பியில் மூன்று தட்டு தட்டினார். ஆட்கள் இருக்கும் கேஜை மேலே இழுக்கச் சொல்லும் கணக்கு அது; எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

உறைந்த ரத்தம் இளகியது. நிமிர்த்திப் பிடித்திருந்த குழாயில் அது மெல்ல மேலே ஏறியது. விளிம்பைத் தொட்டபோது அவர் ஒரு தட்டு தட்டினார். ரத்தம் அங்கேயே நின்றது. அதற்குக் கீழே வெறும் கண்ணாடி.

பாப்பம்மா போர்வையை விலக்கினாள். வீங்கிய கால் மற்றதைப்போலவே மெலிந்து கிடந்தது.

"எல்லாரும் மேல வந்து எறங்கிட்டாங்களா?" என்றார், சீராக மூச்சு விட்டபடி.

"எறங்கிட்டாங்கண்ணா," என்றேன்.