விலகும் கோடரி

மாலையில் எனேகோ இருபுறமும் சமமாகத் தேய்த்து வைக்கும் போட்டிக் கோடரி, தினமும் காலையில் வலப்புறம் தடித்துக் கிடந்தது.

கட்டையின்மேல் ஏறி நின்று, இரண்டு பாதங்களுக்கும் நடுவே வெட்டும் போட்டி அது. வலப்புறம் தடித்தால் இரும்பு இடப்புறம் விலகும். அங்கே கால் இருக்கிறது. இடக்கை வீச்சுக்கு மட்டும் அந்தத் தடிப்பு பொருந்தும். இடக்கைக்காரரான அண்ணன் சோமின், சாகும்வரை அப்படித்தான் தீட்டினார்.

“செத்தும் விடமாட்டாரு போல ஒங்க அண்ணன். வேற கோடரி வாங்கித் தொலைங்களேன்,” என்றாள் மனைவி மயாலென்.

“இதுவே வேற கோடரிதான்டி. மூணாவது.”

“அப்ப போட்டியே வேணாங்க. காலு போயிரும்.”

“போட்டிய விட்டா, அடுத்து என்னத்தத் தடிக்க வைப்பாரோ!”

ஞாயிறன்று போட்டி நடந்த அஸ்பெய்த்தியா ஊர்ச் சதுக்கத்தில், வெட்டுபவர் பெயரைக் கேட்ட அறிவிப்பாளரிடம் எனேகோ தன் பெயருக்குப் பதில் அண்ணன் பெயரைச் சொன்னான். கட்டையில் ஏறி, இடக்கைக்கு மாறி வெட்டினான். கோடரி நேராக இறங்கியது.