முதலில் பிடித்த கல்

வரைபடக் கடைக்குள் நுழைந்த ரூல்ஸ், மூலையிலிருந்த அச்சு இயந்திரத்தைப் பார்த்து, "என் வீட்டுப் படம் முடிஞ்சுதா?" என்றார்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவள் திரும்பவில்லை. "ஏத்திட்டேன். கோணலா நிக்குது" என்று திரைக்குச் சொன்னாள்.

ரூல்ஸ் என்பது தெரு வைத்த பெயர். ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா. வீட்டில் தாளிக்கிற சத்தம் கொஞ்சம் கூடினாலும் விளக்கம் கேட்பவர். அந்தப் பெண்ணிடம் நேராக ஒரு வார்த்தை பேச அவர் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஊரில் இருப்பதோ ஒரே வரைபடக் கடை, வரைகிறவளும் அவள் ஒருத்திதான். வேறு வழியில்லாமல் அச்சு இயந்திரத்தோடு பேச்சு வார்த்தை நடத்திக்கொண்டிருந்தார்.

திரையில் சர்வேயர் அளந்த புள்ளிகள் பச்சையாகக் கிடந்தன. அடியில் நகராட்சியின் பழைய படம், சாம்பல் நிறத்தில். இரண்டும் சண்டை போட்டுக்கொண்டு படுத்த புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்தன.

"அந்தச் சர்வேயருக்கு வடக்கு எதுன்னே தெரியாதாமா?"

இயந்திரம் பதில் சொல்லவில்லை. அவள் சொன்னாள். "தெரு போற திசையையே வடக்குன்னு வெச்சு அளந்திருக்காரு. தப்பில்ல. எல்லாப் புள்ளியையும் மொத்தமா திருப்பி, பழைய படத்துமேல உக்கார வெச்சிடலாம்."

ரூல்ஸ் மூக்கால் சிரித்தார். அவர் சர்வீஸில் இருந்தவரை வடக்கு ஒழுங்காக வடக்கிலேயே இருந்தது.

விஷயம் இதுதான். அவர் வீடும் லாரிக்காரர் வீடும் ஒட்டிக்கொண்டு நிற்பவை. இந்தக் கோடியில் ஒரு சந்து, அந்தக் கோடியில் ஒரு சந்து. இரண்டு சந்திலும் நகராட்சி சாக்கடை கட்டப் போகிறது. பழைய படத்தின் கோட்டைத் தாண்டி எவன் சுவர் நிற்கிறதோ, அவன் சுவரை இடிப்பார்கள். அது லாரிக்காரர் சுவராக இருக்க வேண்டும் என்பதற்காகவே முதல் ஆளாக மனுப் போட்டவர் ரூல்ஸ்.

என்ன பகை? மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய சொத்து ஒன்றை லாரிக்காரர் மகன் அபகரித்துக்கொண்டானாம். என்ன சொத்து என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

அவள் இரண்டு புள்ளிகளைச் சுற்றி வட்டம் போட்டாள். "ரெண்டு கோடியிலயும் எல்லைக்கல்லு இருக்கு. ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொண்ணைப் பார்த்துத் திருப்பணும். ஆனா பழைய படத்தைவிட அளந்தது அரை மீட்டர் கூட வருது. முதல்ல பிடிக்கிற கல்லு அச்சா உக்காந்துக்கும். அந்த அரை மீட்டர் பூராவும் மறுகோடியில போய்த் தள்ளும்."

ரூல்ஸின் காது நிமிர்ந்தது. வாழ்நாள் முழுக்க அவர் தேடிய மாதிரி ஓட்டை.

"வழக்கமா நடுவுல பிடிப்போம்" என்றாள் அவள். "ஆளுக்குக் கால் மீட்டர். அவ்வளவு வரைக்கும் நகராட்சி கண்டுக்காது. யார் சுவரும் போகாது."

"நடுவுலயா?" ரூல்ஸ் இயந்திரத்தின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "மனுப் போட்டது நானு. எவனோ பண்ண தப்புல நான் எதுக்குப் பங்கு வாங்கணும்? என் கல்லைப் பிடிக்கச் சொல்லு."

"அப்புறம் மாத்தக் கேக்கக் கூடாது."

"நான் எதையாவது மாத்திப் பார்த்திருக்கியா?"

உண்மைதான். பார்த்தவர் யாரும் இல்லை.

அவள் அவருடைய கல்லைப் பிடித்தாள். பச்சைப் புள்ளிகள் ஒரே தாவலில் வந்து அதன்மேல் நின்றன.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்று ரூல்ஸ் மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். ஆனால் அவள் இந்நேரம் நடக்கப் போயிருப்பாள். முட்டிவலிக்கு டாக்டர் சொன்ன மாலை நடை. லாரிக்காரர் வாசல் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள். நேர் எதிர்த்திசையில்தான் கிளம்புவாள். அந்த ஒரு விஷயத்தில் புருஷனுக்கேற்ற பெண்டாட்டி. இத்தனை நடந்தும் வலி குறையவில்லை, உடம்புதான் பூசியிருக்கிறது என்பது அவருக்கு ஒரு இளக்காரம்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவள் மறுகோடிக் கல்லைத் தொட்டாள். புள்ளிகள் எல்லாம் கதவு சாத்துகிற மாதிரி மெதுவாகத் திரும்பி, சாம்பல் படத்தின்மேல் படிந்தன. இந்தக் கோடியில் மயிரிழை பிசகில்லை. அந்தக் கோடியில் நகராட்சிக் கோடு சுவரைத் தாண்டி, லாரிக்காரர் வீட்டுக்குள்ளேயே ஓடியது.

ரூல்ஸுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இயந்திரத்தை விட்டுவிட்டு, திரைக்கே வந்து மூக்கை வைத்தார்.

"எந்த அறை அது?"

"சமையலறை."

"ரொம்ப நல்லது. இனிமே தெருவுல அடுப்பு மூட்டட்டும். அதுல என்ன இருக்குன்னு குறிச்சிருக்கா?"

"நாற்காலி மேசையெல்லாம் படத்துல குறிக்க மாட்டோம்."

அவள் முதல் தடவையாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆனா எனக்குத் தெரியும்பா. கோடு சரியா ஜன்னலோர நாற்காலிமேல போகுது. அம்மா தினமும் சுத்திக்கிட்டுச் சந்து வழியா வந்து, நம்ம வீட்டுக் கதையெல்லாம் சொல்லிக்கிட்டே டீ குடிக்கிற நாற்காலி. இந்நேரம் என் மாமியாரும் அவங்களும் ரெண்டாவது டம்ளருக்கு வந்திருப்பாங்க. அச்சு எடுக்கட்டுமா?"

ரூல்ஸ் அச்சு இயந்திரத்தைப் பார்த்தார்.

அதற்கும் முன்பே தெரிந்திருக்கும் போலிருந்தது.