ஒற்றை வெடி

“என்னங்க, பெள்ளியப்பா மறுபடியும் நம்ம குழிகிட்ட நின்னுட்டுப் போறார். தோள்ல துப்பாக்கி வேற!” மூச்சிரைக்க ஓடிவந்தாள் தேச்சம்மா.

நாணய்யாவுக்குச் சுருக்கென்றது. “இன்னிக்குச் சோதனைக்கு அதிகாரி வர்ற நாளாச்சே. வேடிக்கை பார்க்காம இருப்பாரா?”

“வேடிக்கையா? நம்ம மெஷின் செத்ததும் ரெண்டு வெடி போட்டு ஊருக்குச் சாவு சொல்லக் காத்திருக்கார்!”

போன அறுவடையில் அந்தச் சாவை வரவழைத்தவரே பெள்ளியப்பாதான். நாணய்யாவின் காப்பிப்பழம் உரிக்கும் மெஷினிலிருந்து வந்த கழிவுநீர், கீழே அவர் வயலுக்குப் போகும் ஓடையை நாறடித்தது. மனுப் போட்டார். அதிகாரிகள் வந்து மெஷினுக்குச் சீல் வைத்தார்கள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

இந்த முறை நாணய்யா நீளமாக ஒரு குழி வெட்டினார். சில்வர் ஓக் மரத்தைச் சில்லு சில்லாக்கி, கவாத்து செய்த காப்பிக் கொம்புகளைக் காற்றுப் படாமல் சுட்டெடுத்த கரியோடு கலந்து நிரப்பினார். ஒரு முனையில் புகும் கழிவுநீர் மறுமுனையில் தெளிந்து வரவேண்டும். வராவிட்டால் மறுபடியும் சீல். பறித்துக் குவித்திருக்கும் பழம் அத்தனையும் புளித்துப்போகும்.

“நாம பறிக்க ஆள் தேடி அலைஞ்சப்போ எல்லாம் இந்தாளு குழியில தண்ணி விட்டிருக்கார். அவர் பம்ப்பு ஹோஸ் இங்கேயே கிடக்கு, பாருங்க. சில்லை அழுக வைக்கிற வேலை!”

“தண்ணி மட்டும் நல்லா வரட்டும். அந்த ஹோஸாலேயே அவருக்கு மாலை போடறேன்!”

அதிகாரி வந்தார். பறித்துக்கொண்டிருந்த ஆட்கள் கூடையோடு ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

“திறங்க.”

குழியின் மறுமுனைக் குழாய் முதலில் ‘கொர்’ரென்று காற்றை விட்டது.

“மெஷினுக்கு வயித்தால போகுது!” என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

பிறகு வந்தது.

“ஐயோ, தண்ணிங்க!” தேச்சம்மா குதித்தாள். “தண்ணி மாதிரியே தண்ணி!”

அதிகாரி பாட்டிலில் பிடித்தார். முகர்ந்தார். வெயிலில் தூக்கிப் பார்த்தார். அவராலேயே நம்ப முடியவில்லை.

“புது மரச்சில்லுன்னா முதல் சில வாரம் டிகாஷன் மாதிரிதான் வடியும். அப்படி வந்திருந்தா நான் சீல்தான் வெச்சிருப்பேன். முன்னாடியே நல்ல தண்ணி விட்டுத் திரும்பத் திரும்ப அலசணும்னு உங்களுக்கு யார் சொன்னது?”

நாணய்யாவின் கண் அந்த ஹோஸின் மேல் போய் நின்றது.

கீழே பெள்ளியப்பாவின் வயலில் துப்பாக்கி வெடித்தது.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த வெடிக்குக் காத்திருந்தார்கள். குடகில் ஒரு வெடிக்கு ஓர் அர்த்தம், இரண்டுக்கு வேறு.

இரண்டாவது வரவேயில்லை.

“ஒத்தை வெடி!” தேச்சம்மா விழித்தாள். “குழந்தை பிறந்தாத்தானே போடுவாங்க? அவர் வீட்டுல யாருங்க மாசமா இருந்தா?”

நாணய்யா ஹோஸைச் சுருட்டி, மாலைபோல் இரு கையிலும் ஏந்திக்கொண்டு, கீழே இறங்கத் தொடங்கியிருந்தார்.

“ஓடை, தேச்சம்மா. ஓடை பிறந்திருக்கு!”