ரபீக் அண்ணன் பேரைக் காணோம்

“ஏனுங்க, ரபீக் அண்ணன் பேரைக் காணோம்?”

திங்கட்கிழமை காலையில் அமராவதி போட்ட சத்தத்தில், பக்கத்து அறையில் துணி வெட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனியில், சாம்பிள் பிரிவுக்கு ஒரே கம்ப்யூட்டர். அதைப் போட்டதும் திரையின் ஓரத்தில் நாலு பெயர் வரிசையாக வரும். பெருமாள்சாமி, சித்ரகலா, அமராவதி, ரபீக். அவரவர் பெயரை அழுத்தி உள்ளே போக வேண்டும்.

இன்றைக்கு மூன்றுதான் இருந்தது.

ரபீக் விபத்தில் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் அந்தப் பெயரை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. பெயருக்குப் பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் சிரித்தபடி இருப்பார். அந்தப் படத்தை எடுத்ததே அமராவதிதான்.

சர்வீஸ் பார்க்கும் அப்ரோஸ் அரை மணி நேரத்தில் வந்துவிட்டான்.

“ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களாக்கா?”

“மூணு தடவை பாத்துட்டேன்.”

அவன் வேறு வழியாக உள்ளே போய், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான்.

“பயப்படாதீங்க, எதுவும் அழியலை. அவரு ஃபோல்டர் அப்படியே இருக்குது. அக்கவுன்ட்டை மட்டும் முடக்கி வெச்சிருக்காங்க. அப்படிச் செஞ்சா முன்னாடி பேரு வராது.”

“அது தானா ஆகுமா?”

“ஆகாதுங்க. யாராச்சும் செஞ்சாத்தான். அட்மின் பாஸ்வேர்டு என்னைத் தவிர யாருகிட்ட இருக்குது?”

அமராவதிக்குப் புரிந்துவிட்டது. புது மேனேஜர் ரித்தீஷ். வந்து மூன்று மாசம்கூட ஆகவில்லை. வந்த முதல் வாரமே, சுவரில் இருந்த பழைய சாம்பிள் அட்டைகளையெல்லாம் கழற்றி குடோனுக்கு அனுப்பியவன்.

“நானே திரும்பப் போட்டுடட்டுங்களாக்கா?”

“இருப்பா. அவருகிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுட்டு வர்றேன்.”

மேனேஜர் அறைக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்குப் பழைய நாள்தான் ஓடியது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் ரபீக்கும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அப்போது எட்டு மிஷின்தான். மழை பெய்தால் கம்ப்யூட்டருக்கு மேலே தார்ப்பாய் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சரக்கு தாமதமானால் ஜெர்மனிக்காரனுக்கு இங்கிலீஷில் மெயில் அடித்துக்கொண்டே ரபீக் வாய்க்குள், “கோவிச்சுக்காதீங்க சாமி, இன்னும் ஒரே வாரம்” என்று தமிழில் கெஞ்சுவார். எல்லாரும் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். “சிரிக்காதீங்க அம்மிணி, அவருக்குக் கேட்டுடப் போகுது” என்பார்.

அப்படிப்பட்ட மனுஷனை ஒரே அழுத்தில் துடைத்துப் போட இவன் யார்?

கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

“ரபீக் அண்ணன் பேரை எடுத்தது நீங்களா?”

“ஆமாங்கக்கா. சனிக்கிழமை சாயங்காலம் நான்தான்…”

“செத்துப்போனவரு பேரு உங்களை என்னங்க பண்ணுச்சு? ஒரு ஓரமாத்தான இருந்துச்சு? நீங்க அவரைப் பாத்ததுகூட இல்லை. எங்களுக்கு அவரு யாருன்னு தெரியுங்களா?”

ரித்தீஷ் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“உக்காருங்கக்கா. அந்த கம்ப்யூட்டரை மாத்தப் போறோமில்லீங்களா, அதுக்காக உள்ள என்ன இருக்குதுன்னு பாத்தேன். அவரு ஃபோல்டர்ல ஆயிரம் போட்டோவுக்கு மேல இருக்குதுங்க. மக பள்ளிக்கூட ஆண்டு விழா, பெருநாள் துணி எடுக்கப் போனது, இப்படி. வீடியோவே இருபது இருக்கும்.”

அமராவதிக்கு அது தெரியும். போனில் இடம் போதவில்லை என்று, சாப்பாட்டு நேரத்தில் வயரைச் செருகி ஏற்றிக்கொண்டிருப்பார். அவளையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்.

“அவரு பாஸ்வேர்டு இங்க எல்லாருக்கும் தெரியுதுங்க. யாராச்சும் தெரியாம அழிச்சுப்போட்டா என்ன பண்றது? அதான் மூடி வெச்சேன். எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டு நேத்து காங்கேயம் போயிருந்தேன்.”

“அவரு ஊட்டுக்கா?”

“ஆமாங்க. விபத்துல அவரு போனும் நொறுங்கிப் போச்சாம். அவரு குரலைக் கேக்க அவங்ககிட்ட ஒரு வீடியோகூட இல்லீங்க. மக மஹ்னூர் லேப்டாப்ல போட்டுச்சு. அவரு சம்சாரம் குல்சார் பேகம் ஒரே வீடியோவைத் திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. அதுல பெருசா ஒன்னும் இல்லீங்க. ‘கதவைச் சாத்திட்டு வா’ன்னு சொல்றாரு, அவ்வளவுதான்.”

அமராவதியால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அடக்கத்தன்று எல்லாரும் வேன் பிடித்துப் போனதுதான். அதற்கப்புறம் அவள் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. போக வேண்டும், போக வேண்டும் என்று நினைத்ததோடு சரி.

“நாங்க அவரை மறக்கலைன்னு சொன்னீங்களா தம்பி? அவரு பேரைப் பாக்காம நான் ஒரு நாளும் வேலையைத் தொடங்குனதில்லைன்னு?”

“அமராவதி அக்கா தினமும் உங்க வீட்டுக்காரரைப் பத்தித்தான் பேசுவாங்கன்னு சொன்னேனுங்க.”

“அதுக்கு என்ன சொன்னாங்க?”

ரித்தீஷ் கொஞ்சம் தயங்கினான்.

“‘அங்கிருந்து காங்கேயத்துக்கு பஸ் இல்லீங்களா தம்பி’ன்னு கேட்டாங்க.”