டுபாயில் பிடித்த பூசணம்

“இதப் பாருங்க, பூசணம்!” என்று பிரதாப் தன் போனை நாகலெட்சுமியின் மூக்குக்கு நேரே நீட்டினான். படத்தில் தேயிலை மேல் சாம்பல் கொட்டினாற்போலப் படர்ந்திருந்தது.

பிரதாப் கொழும்பு ஏஜென்ட். மலையகத்துப் பூண்டுலோயாவில் நாகலெட்சுமியின் தலைமையில் பதினாறு பெண்கள் சேர்ந்து, சொந்தத் துண்டு நிலத்துக் கொழுந்தைக் கையால் உருட்டிச் செய்யும் தேயிலைக்கு டுபாயில் வாங்க ஆள் பிடித்துக் கொடுத்தவன். பில்லை முன்கூட்டியே அவனுக்கு அனுப்பிவிட்டுச் சரக்கைப் பெண்களே விமானத்தில் ஏற்றுவது, கிலோ பன்னிரண்டு டொலர், சரக்குப் போய்ச் சேர்ந்ததும் பணம் பெண்களின் வங்கிக் கணக்குக்கு என்று பேச்சு.

“பில்லுல போட்ட தேதிக்கே பிளேன் ஏறி, போன வாரம் போய்ச் சேர்ந்திருச்சு. பெட்டியத் தொறந்தா ஒரே ஈர வாட. திருப்பி அனுப்புவேன்னு டுபாய்க்காரன் ஒத்தக் கால்ல நிக்கிறான். நான்தான் கெஞ்சிக் கூத்தாடி ஏழு டொலருக்குச் சம்மதிக்க வச்சிருக்கேன்.”

“பெட்டிய நீங்களே பாத்தீங்களா சார்?”

“பாக்காமலா? வீடியோ கோல்ல தொறந்து காட்டினானே! ஒங்க லேபல் ஒட்டின பெட்டிதான்.” இதைச் சொல்லிக்கொண்டே, அவர்கள் ஊற்றிக் கொடுத்த இரண்டாவது கோப்பைத் தேநீரையும் ருசித்துக் குடித்தான் அந்த மகராசன்.

கணக்கு வழக்குப் பார்க்கும் லோஜினி, “அக்கா, நம்ம...” என்று வாயெடுத்தாள். நாகலெட்சுமி ஒரு முறை முறைத்தாள். அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது.

“பாருங்க, தங்கச்சிக்கே பயம் வந்திருச்சு. எங்கூடக் கொழும்புக்கு வாங்க. பேங்க்கு, டொலருன்னு மாசக் கணக்காக் காத்துக் கெடக்க வேணாம். ரூபாயா மாத்தி இன்னிக்கே கையில தர்றேன்.”

“வர முடியாது சார். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி ரெண்டு வாரமாச்சு. திருவிழா முடியிற வரைக்கும் எல்ல தாண்ட மாட்டோம்.”

“அதுக்கென்ன, இங்கயே குடுத்திர்றேன்.” அவன் சொன்ன டொலர் விலையோ வங்கி விலையைவிட முப்பது ரூபாய் குறைவு. பகல் கொள்ளை என்றால் இதுதான்.

நாகலெட்சுமிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “மழை பேஞ்சா, கொழுந்துல தண்ணின்னு தோட்டத்துக் கணக்கப்புள்ள, எங்க அம்மா பறிச்ச எடையில ரெண்டு கிலோ வெட்டுவாரு. வெயில் அடிச்சாலும் வெட்டுவாரு. அந்த வெட்டு வேணாம்னுதான் சொந்தமாத் தேயில போட்டோம். இப்ப நீங்க டொலர்ல வெட்ட வந்திருக்கீங்க!”

“ஒங்க நல்லதுக்குத்தான்...”

“பன்னெண்டுன்னா பன்னெண்டு. அதுவும் டொலராவே எங்க பேர்ல பேங்க்குக்கு வரணும். வந்தாத்தான் உருட்டுற மிசினுக்குக் கடன் தர்றேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. ஒவ்வொருத்தி உள்ளங்கையும் தோலுரிஞ்சு கெடக்கு சார். ஒரு சதம் கொறைக்க மாட்டேன்.”

பிரதாப் எழுந்துவிட்டான். நல்லது செய்ய வந்த முகம் போன இடம் தெரியவில்லை. “ரொம்பத் துள்ளாதீங்க. நான் ஒரு வார்த்த சொன்னா, எவனும் ஒங்க தேயிலய மோந்துகூடப் பாக்க மாட்டான். மிசினும் கெடையாது, மண்ணாங்கட்டியும் கெடையாது!”

லோஜினியின் முகம் வெளுத்தது. வேறு வியாபாரி யாரையும் அவர்களுக்குத் தெரியாது, அது நாகலெட்சுமிக்கும் தெரியும். ஆனாலும் அவள் அசையவில்லை.

“சொல்லிக்கோங்க. ஏழு டொலருக்குக் குனிஞ்சா அப்புறம் நிமிரவே விட மாட்டீங்க. ஆள நாங்களே தேடிக்கிறோம்.”

அவனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. “அப்ப டுபாயில கெடக்கிற இருநூறு கிலோவ என்ன செய்றது? கடல்ல கொட்டச் சொல்லவா?”

“தாராளமாக் கொட்டச் சொல்லுங்க” என்ற நாகலெட்சுமி, போய்ப் பின் அறைக் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

“காப்புக் கட்டினா சரக்கும் எல்ல தாண்டாது சார். எங்க இருநூறு கிலோ இந்தா இருக்கு!”