முழுசாக் கழுவ வேண்டாம்

எமிலியானுஸ் கொழும்பிலிருந்து எடுப்பித்த, பாகங்களைக் கழுவும் அல்ட்ராசொனிக் மெஷின், தலைமன்னார் வீதியோரத்து அவருடைய கராச்சில் வேலையில்லாமல் கிடந்தது. ஒருநாள் அயலவரான அமிர்தநாயகம் ஒரு காபரேற்றரோடு வந்தார்.

“மோட்டார் சைக்கிள் அடிக்கடி வழியிலை நிண்டு போகுது. ஒருக்காப் பாருங்கோ.”

எமிலியானுஸின் முகம் மலர்ந்தது. “இந்தத் தொட்டித் தண்ணியிலை போட்டால் காணும். தண்ணி அதிர, ஊசித் துவாரத்து ஊத்தையும் வெளியிலை வந்திடும். சூடாக்கிற வசதியும் பாத்துத்தான் எடுத்தனான்.”

“ஐயோ, அதிலை போடாதையுங்கோ! முந்தி மாதிரி பிரஷாலை தட்டித் தாங்கோ.”

“தட்டினபடியால்தானே திரும்பவும் அடைச்சது?”

“ஓம். அப்பிடி அடைக்கத்தான் வேணும்.”

எமிலியானுஸுக்குக் கோபம் வந்தது. “என்ர மெஷினிலை நம்பிக்கை இல்லையோ?”

“நம்பிக்கை இருக்கிறபடியாத்தான் பயமாக் கிடக்கு.” அமிர்தநாயகம் குரலைத் தாழ்த்தினார். “அந்த மோட்டார் சைக்கிள் என்ரை இல்லை. பேசாலையிலை பூசை முடிச்சு எங்கட கோயிலுக்கு வாற பங்குச் சுவாமியின்ர. திருத்தச் சொல்லித் தந்தவர். வழியிலை நிண்டு பிந்தி வந்தால்தான் பிரசங்கத்தைச் சுருக்கிறார். நேரத்துக்கு வந்தாரெண்டால் எங்களை மத்தியானம் வரைக்கும் விடார்.”

எமிலியானுஸும் அதே கோயிலுக்குத்தான் போகிறவர். அவர் மெஷினை மூடிவிட்டுப் பிரஷை எடுத்தார்.

“எவ்வளவு ஊத்தையை விடட்டும், அண்ணை?”