கிணற்றோரத்து எட்டுச் செடி

விளக்கில் போய் விழுவதால் அந்துப்பூச்சிக்கு அறிவில்லை என்று உலகம் நம்புகிறது. உடனடியாகத் திருத்தப்பட வேண்டிய பிழை இது. முட்டையிட இடம் தேடும்போது அது மிகவும் யோசிக்கும்.

ஏகாம்பரத்தின் கத்தரி வயலுக்கு இரண்டு அந்துப்பூச்சிகள் வந்தன.

"அக்கா, ரெண்டு ஏக்கரும் பளபளன்னு இருக்கு. இங்கேயே இட்டுடலாமா?"

"மினுக்கைப் பார்த்து மயங்காதேடி. இது சந்தைக்குப் போறது, வாரம் ரெண்டு தடவை மருந்தடிக்கிறார். கிணத்தோரம் எட்டுச் செடி தெரியுதா? அது அவர் வீட்டுக் குழம்புக்கு. ஒரு சொட்டு மருந்து கிடையாது. அவர் பிள்ளைங்க சாப்பிடறதையே நம்ம பிள்ளைங்களும் சாப்பிடட்டும்."

இரண்டும் நிம்மதியாக முட்டையிட்டன. புழுக்கள் கொழுகொழுவென்று வளர்ந்தன.

மூன்றாம் வாரம் எட்டுச் செடியிலும் ஓட்டையில்லாத காய் ஒன்றுகூட இல்லை. ஏகாம்பரத்தின் மனைவி சந்தைக்குப் போய், பளபளப்பான கத்தரிக்காயாகப் பொறுக்கி ஒரு கிலோ வாங்கி வந்தாள்.